ஹீல் மூலையில் ஒரு விரற்கடை: கையால் செய்த கிட்டார் ஒன்றின் மெருகு பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு கிட்டாரின் முகம், முதுகு, விலா, கழுத்து எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் பரப்பு வரும். இந்தக் கிட்டாரில் அதன் பெரும்பகுதியை ஒரே நாளில் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். உள்ளங்கையால் மூடிவிடக்கூடிய ஓரிடம் மட்டும் அதன்பின் மூன்று வாரம் தின்றது. கழுத்தின் அடிப்பாகம் உடலோடு சேரும் மூலை அது. அங்கே முதலில் கெடுத்தேன், பிறகு திருத்தினேன், திருத்தும்போதே இன்னொரு முறை கொஞ்சம் கெடுத்தேன். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதை வரிசைப்படி எழுதி வைக்கிறேன். வீட்டு மாடியில் கிட்டார் செய்யும் யாருக்காவது ஒரு மூலை மிச்சமாகட்டும்.

கருவி

ஸ்டீல் கம்பி பூட்டும் அகூஸ்டிக் கிட்டார். முகப்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், கழுத்து மகோகனி, அதன் மேல் விரல் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டு கருங்காலி, முதுகும் விலாவும் ஈட்டி. நம் மலைகளில் விளையும் இந்த ஈட்டி உலகக் கிட்டார்க்காரர்களுக்குப் பழக்கமான மரம்தான். பிரேசில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டு அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் இதற்கு மாறியது 1969-இல். மரம் அழகு, ஆனால் கண் திறந்த மரம். கண் என்றால் நார்த்துளை. அதை அடைக்காமல் லேக்கர் அடித்தால் மேற்பரப்பு முழுக்க ஊசி குத்தியதுபோல் தெரியும்.

ஒரு தோளில் கட்-அவே உண்டு. உச்ச ஸ்வரங்களுக்கு விரல் எட்டுவதற்காக உடலை உள்வாங்கி வளைத்திருக்கும் பகுதி அது. கழுத்தின் அடிக்கு ஹீல் என்று பெயர், குதிகாலேதான். கட்-அவே பக்கத்தில் இந்தக் குதிகாலும் உள்வளைந்த விலாவும் எதிரெதிரே நின்று, நடுவில் ஒரு பள்ளத்தாக்கை உண்டாக்குகின்றன. வாயில் ஒரு விரற்கடை அகலம், அடியில் பென்சில் முனை போவதே கஷ்டம்.

பட்டறைகளில் இரண்டு வழக்கம் உண்டு. மார்ட்டினில் கழுத்துக்கும் உடலுக்கும் தனித்தனியாக மெருகேற்றிவிட்டு அப்புறம் ஒட்டுவார்கள். கிப்சனில் முதலில் ஒட்டிவிடுவார்கள், அதன் மேல் ஒன்றாக லேக்கர் அடிப்பார்கள். டெய்லர் கிட்டார்களில் கழுத்தைப் போல்ட்டால் பூட்டுவதால் இந்தத் தலைவலியே வேறு மாதிரி. நான் இரண்டாவது வழியை எடுத்தேன். மெருகு முடிந்த பிறகு பசையும் கிளாம்புமாக அதன் பக்கத்தில் நிற்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான் காரணம். பின்னால் வந்த வினை எல்லாம் இந்த முடிவு பெற்ற பிள்ளைகள்.

பூச்சு

அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். நம் ஊர் பெயின்ட் கடையில் "என்.சி. கிளியர்" என்று கேட்டால் எடுத்துத் தருவது. 1920-களில் கார் பெயின்டாக, டூபாண்ட் கம்பெனியின் டூகோ போன்ற பெயர்களில் பரவிய சரக்கு இது. அதே பத்தாண்டில் கிட்டார் பட்டறைகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதற்கு முன் நல்ல கருவி என்றால் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் ஏற்றும் ஃபிரெஞ்சு பாலிஷ்தான். உயர்ந்த கிளாசிக்கல் கிட்டார்களில் அது இன்றும் இருக்கிறது.

இந்த லேக்கரின் குணம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது காய்வது தின்னர் பறந்துபோவதால் மட்டுமே. உள்ளே ரசாயனமாக எதுவும் இறுகுவதில்லை. ஆகவே காய்ந்த பூச்சின் மேல் புதிதாக ஒரு துளி விழுந்தால் பழையது கரைந்து புதியதோடு ஒன்றாகிவிடும். சூடு பட்டால் இளகும். என்னைக் கவிழ்த்ததும் இந்தக் குணம், தூக்கிவிட்டதும் இதே குணம்.

ஐப்பசியில் அடித்தேன். கோயம்புத்தூரில் அடிக்கக் கூடாத மாதம். முதல் நாளே வெள்ளை பூத்துவிட்டது. தின்னர் வேகமாகப் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அங்கே படிந்து லேக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. வெயில் வந்த நாளில், மெதுவாகப் பறக்கும் ரிடார்டர் தின்னர் கலந்து மேலே ஒரு கோட் அடித்ததும் வெள்ளை கலைந்தது. நாளுக்கு மூன்று வீதம் பன்னிரண்டு கோட். பிறகு நான்கு வாரம் தொங்கவிட்டேன்.

கூடவே ஒரு துண்டுப் பலகையில் டேப் ஒட்டி, அதன் மேலும் அதே பன்னிரண்டு கோட்டை அடித்து வைத்திருந்தேன். டேப்போடு உரித்து மைக்ரோமீட்டரில் வைத்து, டேப்பின் தடிமனைக் கழித்துப் பார்த்தால் 0.14 மி.மீ. நம்மிடம் இருக்கும் மொத்தச் சொத்தே அதுதான். தேய்ப்பு, மெருகு, கைத்தவறு எல்லாச் செலவையும் அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாள்: நன்றாகப் போனது

முகமும் முதுகும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 800-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைக் கார்க் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டு, மேடு பள்ளம் போகும்வரை தேய்த்தேன். பிறகு 1000, 1200. அதற்கு மேல் பஃப் சக்கரம். பழைய வெட் கிரைண்டர் மோட்டார் ஒன்றை அதற்காக மாற்றி வைத்திருக்கிறேன். 1440 சுற்று, எட்டு அங்குலத் துணிச்சக்கரம். கிரைண்டருக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பஃபிங் மோட்டாரைக் காசு கொடுத்து வாங்குவதற்கு மனம் வரவில்லை. மாலைக்குள் முதுகில் என் முகம் தெரிந்தது.

அந்த மிதப்பில் ஹீல் மூலைக்குப் போனேன்.

இரண்டாம் நாள்: கெட்டது

எட்டங்குலச் சக்கரம் ஒரு விரற்கடைப் பள்ளத்தில் நுழையாது. அதனால் கையடக்க ரோட்டரி டூலில் சுண்டுவிரல் நகம் அளவு ஃபெல்ட் உருண்டையை மாட்டி, கம்பவுண்ட் என்ற மெருகுப் பசையைத் தடவி, மிகக் குறைந்த வேகத்தில் உள்ளே விட்டேன். முதல் பத்து நொடி அருமை. மூலை மின்னத் தொடங்கியது. அடுத்த சில நொடியில் உருண்டை ஒட்டி இழுப்பதுபோல் கையில் ஓர் அதிர்வு. எடுத்துப் பார்த்தால் ஹீலின் வெளி விளிம்பில் ஓர் அரிசி அளவுக்கு மகோகனி வெறுமனே தெரிந்தது. பக்கத்தில் லேக்கர் சுருங்கி, ஆறிய பால் ஏடுபோல் கிடந்தது.

மூலைக்குள்தான் விட்டேன். தேய்ந்தது மூலை அல்ல, பக்கத்து விளிம்பு. இந்தப் புதிர்தான் இந்த ஆய்வின் மையம்.

எங்கள் தெருவில் நாற்பது வருஷமாகக் கட்டில் பீரோவுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு நிமிடம் பார்த்தார்.

"ஏந்தம்பி, மூலைக்குள்ள மிசின உட்டா அது மூலையவா பாக்கும்? பக்கத்துல மேடு எங்கிருக்குன்னு பாத்து அதையத்தான் திங்கும்."

"இல்லீங்ணா, ரொம்ப மெதுவாத்தான் ஓட்டினேன்."

"மெதுவோ வேகமோ, மேட்டுல மருந்து எங்கீது? எல்லாம் வழிஞ்சு பள்ளத்துல போயி உக்காந்துக்கும்ல?"

மருந்து என்று அவர் சொன்னது லேக்கரை. நான் வாரக்கணக்கில் யோசித்திருக்க வேண்டியதை அவர் இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

ஏன்

ஈரமாக இருக்கும் எந்தப் பூச்சும் கூர்மையான வெளி விளிம்பிலிருந்து விலகி ஓடும், உள்மூலையில் தேங்கும். பரப்பு இழுவிசையின் வேலை அது. தட்டையான இடத்தில் 0.14 மி.மீ. இருந்தால் விளிம்பில் அதைவிட மிகக் குறைவு, மூலை அடியில் மிக அதிகம். ஹீலின் அமைப்பில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. கிட்டாரிலேயே மெல்லிய இடமும் தடித்த இடமும் அண்டை வீட்டுக்காரர்கள். கருவி எதுவானாலும் மூலைக்குள் நுழையும்போது அதன் தோள் விளிம்பில் உரசும். உரசினால் சூடு. சூடு என்றால் என்.சி. இளகும்.

இதோடு முடியவில்லை. ஸ்ப்ரே கன்னின் காற்று உள்மூலையில் மோதித் திரும்புகிறது. திரும்பும் காற்றில் துளிகள் பறந்தபடியே அரைகுறையாகக் காய்ந்து, மூலையின் இரண்டு சுவரிலும் பொடியாக ஒட்டுகின்றன. தொட்டால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். "பத்தவில்லை போலிருக்கிறது" என்று நாம் இன்னொரு முறை அழுத்தி அடிப்போம். அது வழிந்து அடியில் தேங்கும். ஆக ஒரே மூலையில் சுவர் வறட்சி, அடியில் குளம். குளத்தில் இருக்கும் தின்னர் வெளியேற மற்ற இடங்களைவிட நெடுநாள் ஆகும். நான்கு வாரம் கழித்து முகப்பலகை காய்ந்திருந்தது, மூலை காயவில்லை. மூக்கைக் கிட்டே கொண்டுபோனபோது தின்னர் வாசம் லேசாக அடித்ததை நானே கவனித்தேன். கவனித்தும் விட்டுவிட்டேன்.

அதாவது மெருகேற்றும் நாளில் நான் செய்தது கடைசித் தவறு மட்டும்தான். மூலை கெட்டது ஸ்ப்ரே அடித்த நாளிலேயே.

ஒட்டுப்போடுதல்

பூச்சு டூ-கே பாலியூரித்தேனாக, அதாவது இரண்டு திரவம் கலந்து ரசாயனமாக இறுகுவதாக, இருந்திருந்தால் ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் இறுகிய பூச்சும் புதிய பூச்சும் கலக்காது. என்.சி. கலந்துவிடும். அதனால் நம்பிக்கையோடு நுனி மெலிந்த தூரிகையால், மரம் தெரிந்த இடத்தில் ஒரு துளி லேக்கர் வைத்தேன். துளி பரவாமல் சுருண்டு, நடுவில் குழி விட்டு ஒதுங்கியது. இதற்கு மீன்கண் என்று பெயர்.

இது இரண்டாவது பாடம். முந்தைய நாள் நான் தடவிய ரப்பிங் கம்பவுண்ட் கார் பெயின்ட் கடையில் வாங்கியது. அதில் சிலிக்கான் இருந்திருக்க வேண்டும். கார் மெருகுகள் பலவற்றில் பளபளப்புக்காகவும் கீறல் மறைக்கவும் சேர்ப்பார்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் லேக்கர் ஒட்டாமல் விலகி ஓடும். ஒட்டுப்போடும் வாய்ப்பு மிச்சம் இருக்கும்வரை கிட்டார் பக்கமே அதைக் கொண்டுவரக் கூடாது. டர்பன்டைன் தொட்ட சுத்தமான துணியால் துடை, துணியை மாற்று, மறுபடி துடை என்று ஏழெட்டு முறை. காய்ந்த என்.சி.யை டர்பன்டைன் கரைக்காது என்பதால் துணிந்து செய்யலாம். அதன்பின் வைத்த துளி உட்கார்ந்தது. நாளுக்கு இரண்டு துளியாக நான்கு நாள் வைத்து, சுற்றுப்புறத்தைவிடச் சற்று உயரமாக ஒரு மேடு வளர்த்தேன். அப்புறம் பத்து நாள் தொடவில்லை.

மேட்டை இறக்குவதற்குத் தாள் உதவாது; தாள் மேட்டையும் தேய்க்கும், பக்கத்தையும் தேய்க்கும். ஷேவிங் பிளேடின் இரண்டு ஓரத்திலும் டேப் சுற்றி, நடுவில் மட்டும் ஓர் அரை சென்டிமீட்டர் கூர் வெளியே தெரியும்படி விட்டேன். டேப் சுற்றிய ஓரங்கள் பழைய பூச்சின் மேல் சறுக்கும். நடுக்கூர், டேப்பின் தடிமனுக்கு மேல் உயர்ந்து நிற்பதை மட்டும் சீவும். மீதி உயரம் 1200 தாளில் நாலு இழுப்பு. ஹீல் விளிம்பு வளைவாக இருப்பதால் பிளேடை லேசாக வளைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. கை நடுங்காத காலை நேரத்தில் செய்தேன்.

மூலைக்குள் கைவேலை

இனி இயந்திரம் இல்லை என்று முடிவாயிற்று. அப்படியானால் திட்டமே மாறுகிறது. சக்கரம் எட்டும் இடத்தில் 1200 தாளோடு நிறுத்திவிடலாம். மீதிக் கீறலைச் சக்கரம் தின்றுவிடும். கை மட்டுமே எட்டும் இடத்தில் தாளிலேயே வெகுதூரம் போயாக வேண்டும். நம்பருக்கு முன் பி என்று குறியிட்ட வரிசையில் 800 தாளின் துகள் சராசரியாக 22 மைக்ரான், 2000 தாளில் 10 மைக்ரான். இந்த இறக்கத்தை ஒரு படி விடாமல் இறங்கினால்தான் கைக் கம்பவுண்டுக்கு வேலை லேசாகும்.

முதலில் விளிம்புக்கு டேப், இரண்டு அடுக்கு. மூலையில் வேலை முடியும்வரை அந்த விளிம்பு யார் கண்ணிலும் படக்கூடாது, முக்கியமாக என் தாளின் கண்ணில். இவ்வளவு சின்ன விஷயத்தை முதல் நாளே செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

தாளைப் பிடிக்க விரல் உதவாது. விரல் நடுவில் அழுத்தி இரண்டு பக்கம் விட்டுவிடும். குச்சி ஐஸ் குச்சியின் முனையை மூலையின் வளைவுக்குத் தக்கபடி உருட்டிச் செதுக்கி, அதன் மேல் சைக்கிள் ட்யூப் துண்டு ஒட்டி, அதைச் சுற்றித் தாள். இந்த மாதிரி ஐந்து குச்சி, நம்பருக்கு ஒன்று. ஒரே குச்சியில் தாளை மாற்றினால் பழைய தாளின் பெரிய துகள் ஒன்று ட்யூப்பில் ஒட்டிக்கொண்டு வந்து 2000-இல் கோடு போடும். அதற்கும் ஒருநாள் போனது.

தண்ணீரையும் யோசித்துத்தான் தொட வேண்டும். கழுத்து ஒட்டிய கோட்டில் மயிரிழை இடுக்கு இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய் மரம் ஊதும்; ஊதினால் மேலே லேக்கர் விரியும். கம்பியை முறுக்கும் ட்யூனர்களின் துளைகளுக்கும் இதே கதி. அந்த இடங்களில் மட்டும் தண்ணீருக்குப் பதில் டர்பன்டைன். ஜன்னல் திறந்து, அடுப்படிக்குத் தள்ளி உட்கார்ந்து.

மூலைக்குள் கீறல் ஒரே திசையில்தான் ஓடும். தட்டையான இடத்தில் ஒரு தாளுக்குக் குறுக்கே அடுத்த தாளை ஓட்டி, முந்தின கீறல் போயிற்றா என்று பார்த்துக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. செல்போன் டார்ச்சைப் பரப்போடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதுதான் வழி. அப்படிப் பார்த்தபோதுதான் என் இரண்டாவது முட்டாள்தனம் தெரிந்தது. 2000 முடித்தபின் மைக்ரோ-மெஷ் என்ற மெத்தென்ற தேய்ப்புத் துண்டில் 1500-ஐ எடுத்துத் தேய்த்திருந்தேன், "மெஷ் என்றால் எல்லாம் நைசுதானே" என்று. மைக்ரோ-மெஷ் நம்பரும் வாட்டர் பேப்பர் நம்பரும் ஒரே கணக்கு இல்லை. அதன் 1500-இல் துகள் 30 மைக்ரான், அதாவது என் 800 தாளைவிடப் பெரியது. மெத்தை மேல் துகள் பதிந்திருப்பதால் கீறல் ஆழம் குறைவு என்றாலும், துடைத்துவைத்த வீட்டில் செருப்போடு நடந்த மாதிரிதான். மறுபடி 1200 தாளிலிருந்து தொடங்கினேன்.

மெருகுக்குத் துணி. பலமுறை துவைத்த பழைய வேட்டியை விரல் அகல நாடாவாகக் கிழித்து, கஞ்சி கொஞ்சமும் இல்லாதபடி வெந்நீரில் அலசிக் காயவைத்தேன். சிலிக்கான் இல்லாத நைஸ் கம்பவுண்டை நாடாவில் தடவி, ஹீலைச் சுற்றிப் போட்டு இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர் கடைசியில் துணியை இழுப்பாரே, அதேபோல். நாடா மூலைக்குள் தானே படிந்து போகும், அழுத்தம் பரவலாக விழும், கை வேகத்தில் லேக்கர் இளகும் அளவுக்குச் சூடு ஏறாது. பள்ளத்தின் அடிக்கு மட்டும் மூங்கில் குச்சியில் தோல் ஒட்டியது.

டேப்பை எடுத்தபின் விளிம்புக்கு என்று தனியாக எதுவும் செய்யவில்லை. நாடாவைப் பத்து முறை இழுத்தேன், போதும்.

கடைசித் தொல்லை வெள்ளைக் கோடு. கம்பவுண்ட் மூலையிலும் ஈட்டியின் அடைபடாத கண் ஒன்றிரண்டிலும் போய்க் காய்ந்து, கருமரத்தில் சுண்ணாம்பு வைத்ததுபோல் நின்றது. ஊசி கூடாது. தென்னை ஈர்க்கின் முனையைக் கடித்துத் தூரிகையாக்கி, டர்பன்டைன் தொட்டு எடுத்தேன். அழகாக வந்தது.

மற்ற இடுக்குகள் பற்றி இரண்டு வரி போதும். முகப்பலகையில் கம்பிகளைப் பிடிக்கும் கட்டையான பிரிட்ஜை மெருகு முடிந்த பிறகே ஒட்டுவதால் அங்கே மூலையே இல்லை. ஃப்ரெட்போர்டின் வால் முகப்பலகை மேல் படியும் கோட்டில் குச்சியும் தோலும் வேலை செய்தன. தலைக்குப் பின்புற வளைவுக்கு நாடா.

முடிந்தபின்

கருவியை ஒரு நண்பரின் மகள் வாசிக்கிறாள். கொடுத்தபோது மூலை கண்ணாடி. ஆறு மாதம் கழித்துக் கம்பி மாற்ற வந்தபோது டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன்; மூலை அடியில், குளம் இருந்த இடத்தில், மெல்லிய பள்ளக்கோடு ஒன்று விழுந்திருக்கிறது. தேங்கிய தின்னர் போகப்போக லேக்கர் சுருங்கியதன் தடம். அவளிடம் காட்டினேன். "எங்கங்க மாமா? ஒண்ணுமே தெரியலயே" என்றாள். அதை நிரப்பப் போவதில்லை. நிரப்பினால் இன்னொரு குளம்.

மூலைகளை மட்டும் மங்கலாக, சாட்டின் மெருகில் விட்டுவிடலாமே என்று ஒருவர் கேட்டார். கழுத்து முழுவதையும் சாட்டினாக விடுவது மரியாதையான வழி, கைக்கும் சுகம். மின்னும் உடலின் நடுவே மூலை மட்டும் மங்கியிருந்தால் துடைக்க மறந்ததுபோல்தான் தெரியும்.

இப்போது இரண்டாவது கிட்டார் தொங்குகிறது. அதிலும் கட்-அவே உண்டு. கழுத்தை ஒட்டாமல் சும்மா பொருத்திப் பார்த்து, கழற்றி, ஹீலின் பக்கத்தையும் விலாவின் அந்தப் பகுதியையும் தனித்தனியாகப் படுக்கவைத்து நான்கு கோட் அடித்தேன், தட்டை என்பதால் காற்று திரும்பவில்லை. ஒட்டும் முகங்களுக்கு மட்டும் டேப். அந்த நான்கு கோட்டையும் அப்போதே 800 தாளில் சமப்படுத்தி, பிறகுதான் கழுத்தை ஒட்டினேன். ஒட்டியபின் அடித்தவை மூலையில் எல்லாம் மெல்லிய கோட். காற்றழுத்தத்தைக் குறைத்து, ஸ்ப்ரே விரியும் விசிறி அகலத்தைச் சுருக்கி, மூலையை முதலில் தொட்டுவிட்டு வெளியே வந்தேன். ஆறாவது கோட்டுக்குப் பின் ஒருமுறை குச்சியில் தாள் சுற்றி மூலையை மட்டும் சமன் செய்தேன். ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தாங் கண்ணு மூலைக்கு முன்னாடியே போயி உக்காந்திருக்கற" என்றார்.

தொங்கவிட்டு இன்றோடு முப்பத்தொரு நாள். முகப்பலகையில் வாசம் நின்று பத்து நாளாகிறது. காலையில் மூலையில் மூக்கை வைத்துப் பார்த்தேன். இன்னும் லேசாகத் தின்னர் அடிக்கிறது. திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.